கேள்வித்தாளுக்கும் வேண்டும் ஒரு வெள்ளோட்டம்!



மூன்றாம் ஆண்டு வந்துவிட்டால் நம் எல்லோருக்கும் ஒரு காய்ச்சல் வரும். அதற்குப் பெயர் புராஜெக்ட் காய்ச்சல். மெஷின் செய்கிற குழுக்களுக்கு அது ஒரு மாதிரி என்றால், ‘சர்வே’ எடுக்கிற குழுக்களுக்கு வேறு மாதிரி. ஒரே ராத்திரியில் உட்கார்ந்து முப்பது கேள்வி எழுத வேண்டியது. காலையில் கடை திறந்ததும் இருநூறு காப்பி ஜெராக்ஸ் போட வேண்டியது. கிளிப் போர்டைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் இறங்க வேண்டியது. இருபது வீடு ஏறி இறங்குவதற்குள் வண்டி நொண்ட ஆரம்பிக்கும். ஐந்தாவது கேள்வி யாருக்கும் புரியவில்லை. ஒன்பதாவது கேள்விக்கு எல்லோரும் ஒரே பதில் சொல்கிறார்கள். பதினான்காவது கேள்வியைக் கேட்டதும் கதவைச் சாத்துகிறார்கள். அப்போதுதான் குழுவில் ஒருவர் மெதுவாகச் சொல்வார்: “விடுப்பா, மிச்சத்தை ஹாஸ்டல்ல உட்கார்ந்து நாமளே ஃபில் அப் பண்ணிடலாம்!”

நான் எழுத வந்தது இந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான். அதைச் சொல்பவர்களைத் திட்டுவதற்காக அல்ல. பெரும்பாலான இடங்களில் இது சோம்பேறித்தனத்தால் வருவதில்லை, வேலை செய்யாத கேள்வித்தாளால் வருகிறது. அதற்கு மருந்து உண்டு. மலிவான மருந்து. அதன் பெயர் முன்னோடி ஆய்வு. நம் பாஷையில் சொன்னால், வெள்ளோட்டம்!

வெள்ளோட்டம் என்றால் என்ன?

கோயிலுக்குப் புதுத் தேர் செய்தால் நேராகத் திருவிழாவுக்கு இழுத்துவிடுவார்களா? மாட்டார்கள். முதலில் சுவாமி இல்லாமல் வெறுந்தேரை வீதியில் ஓட்டிப் பார்ப்பார்கள். அச்சு பாரம் தாங்குகிறதா, சக்கரம் நேராக உருளுகிறதா, முட்டுக்கட்டை போட்டால் நிற்கிறதா, தெருமுனையில் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு, தச்சர் சரி செய்வதைச் சரி செய்வார். அதற்கப்புறம்தான் திருவிழா.

கேள்வித்தாளுக்கும் இதேதான். நிஜ சர்வேக்கு முன்னால் கொஞ்சம் பேரிடம் மட்டும் கேட்டுப் பார்ப்பது. இதில் இரண்டு நிலை உண்டு. கேள்விகளை மட்டும் சோதித்தால் அது முன்சோதனை. வீடு தேர்ந்தெடுப்பது, கேட்பது, எழுதுவது, அட்டவணை போடுவது என்று முழு வேலையையும் சின்ன அளவில் செய்து பார்த்தால் அது முன்னோடி ஆய்வு. நம் அளவுக்கு இரண்டையும் ஒன்றாகவே செய்துவிடலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் ஆணி அடித்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளோட்டத்தில் பரீட்சை எழுதுவது ஜனங்கள் இல்லை, நம் கேள்வித்தாள்! ஒருவர் பதில் சொல்லத் தடுமாறினால் ஃபெயில் ஆனது கேள்விதான், அவர் இல்லை.

நமக்குத் தெரியாததா என்ன?

பாலிடெக்னிக் மாணவனுக்கு இதெல்லாம் புதிய விஷயமே இல்லை. வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்தவுடன் என்ன செய்கிறோம்? தாடைகளைச் சேர்த்து வைத்து ஜீரோ எரர் இருக்கிறதா என்று பார்க்கிறோம். பார்க்காமல் நூறு அளவு எடுத்தால் நூறும் தப்பு. கான்கிரீட் போடுமுன் ட்ரையல் மிக்ஸ் போடுகிறோம். 300 மில்லி மீட்டர் உயரக் கூம்பில் கான்கிரீட்டை நிரப்பி, கூம்பைத் தூக்கி, எவ்வளவு சரிகிறது என்று ஸ்லம்ப் பார்க்கிறோம். 150 மில்லி மீட்டர் கனசதுரங்களை வார்த்து 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் உடைத்துப் பார்க்கிறோம். மோட்டாருக்கு லோடு ஏற்றுமுன் நோ லோடு டெஸ்ட் செய்கிறோம்.

கேள்வித்தாளும் ஓர் அளவுக் கருவிதான். வெர்னியர் இரும்பை அளக்கிறது, கேள்வித்தாள் மனிதர்கள் சொல்வதை அளக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் இரும்பை அளக்கும் கருவியைச் சோதிக்கிற நாம், மனிதரை அளக்கும் கருவியை மட்டும் சோதிக்காமல் எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். இது என்ன நியாயம்?

ஒரு வார்த்தை மாறினால்...

“கேள்வி எப்படிக் கேட்டால் என்ன, கருத்து ஒண்ணுதானே?” என்று கேட்கும் நண்பர்களுக்காக இரண்டு உண்மைச் சம்பவங்கள்.

முதலாவது, 1940-ல் அமெரிக்காவில் நடந்தது. டொனால்ட் ரக் என்ற ஆய்வாளர் ஒரே விஷயத்தை இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தார். ஜனநாயகத்துக்கு எதிரான பொதுக்கூட்டப் பேச்சுகளை அரசு ‘அனுமதிக்க வேண்டுமா’ என்று ஒரு பிரிவினரிடம் கேட்கப்பட்டது. ‘அனுமதிக்கக் கூடாது’ என்றவர்கள் 62 சதவீதம். இதே பேச்சுகளைத் ‘தடை செய்ய வேண்டுமா’ என்று இன்னொரு பிரிவினரிடம் கேட்கப்பட்டது. ‘தடை செய்ய வேண்டும்’ என்றவர்கள் 46 சதவீதம்தான்! அனுமதிக்காமல் இருப்பதும் தடை செய்வதும் ஒன்றுதானே? கணக்குக்கு ஒன்றுதான், காதுக்கு ஒன்றில்லை. ‘தடை’ என்ற சொல் கடுமையாக ஒலிக்கிறது, ஜனங்கள் பின்வாங்குகிறார்கள்.

இரண்டாவது சம்பவம் இன்னும் கனமானது. 1992-ல் ரோப்பர் என்ற பெரிய கருத்துக்கணிப்பு நிறுவனம், நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்ததைப் பற்றி அமெரிக்கர்களிடம் கேட்டது. கேள்வி இப்படி அமைந்திருந்தது: அந்தப் படுகொலை ஒருபோதும் நடக்கவே இல்லை என்பது சாத்தியம் என்று தோன்றுகிறதா, அசாத்தியம் என்று தோன்றுகிறதா? ‘நடக்கவே இல்லை’ ஓர் எதிர்மறை. அதற்கு மேல் ‘அசாத்தியம்’ இன்னோர் எதிர்மறை. நடந்தது என்று நம்புகிறவர் ‘அசாத்தியம்’ என்று சொல்ல வேண்டும்! தலை சுற்றுகிறதா? அங்கேயும் சுற்றியது. 22 சதவீதம் பேர் ‘சாத்தியம்’ என்று பதில் சொல்லிவிட்டார்கள். முடிவு 1993-ல் வெளியானதும் நாடே அதிர்ந்தது. இத்தனை பேர் வரலாற்றையே மறுக்கிறார்களா என்ற கேள்வி எழுந்தது. 1994-ல் அதே நிறுவனம் கேள்வியை நேராக்கித் திரும்பக் கேட்டது. நடக்காமல் இருந்திருக்கலாம் என்றவர்கள் சுமார் 1 சதவீதம் மட்டுமே! ஜனங்கள் மாறவில்லை, கேள்விதான் மாறியது. முதல் கேள்வியை ஒரு இருபது பேரிடம் உட்கார்ந்து கேட்டு, “இப்போது என்ன பதில் சொன்னீர்கள், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்” என்று விசாரித்திருந்தால் குட்டு அன்றே உடைந்திருக்கும்.

நம் நாட்டில் நடந்தது

வெள்ளோட்டத்தைச் சர்வே வேலையின் முக்கிய அங்கமாக்கியவர்களில் முன்வரிசையில் நிற்பவர் நம் நாட்டுக்காரர் என்பது நமக்குப் பெருமை. கல்கத்தாவில் 1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பி.சி. மகலனோபிஸ்தான் அவர். வங்காளத்தில் சணல் எவ்வளவு ஏக்கரில் பயிராகிறது என்று கண்டுபிடிக்க 1937-ல் அவர் சின்ன அளவில் தொடங்கினார். ஒவ்வோர் ஆண்டும் செலவு, நேரம், பிழை எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து, முறையைத் திருத்தி, கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, 1941-ல்தான் மாகாணம் முழுவதற்கும் கொண்டுபோனார். நான்கு வருட வெள்ளோட்டம்! நமக்கோ நான்கு நாள் ஒதுக்க மனம் வருவதில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இப்படித்தான். 2021 கணக்கெடுப்புக்காக 2019 ஆகஸ்ட் 12 முதல் செப்டம்பர் 30 வரை நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த பகுதிகளில் முன்சோதனை நடந்தது. பின்னால் கொரோனா வந்து கணக்கெடுப்பே தள்ளிப்போனது வேறு கதை.

கேள்வித்தாளின் ஒரு சின்ன மாற்றம் எவ்வளவு பெரிய விஷயத்தைப் புரட்டிவிடும் என்பதற்கும் இந்தியாவே உதாரணம். வீட்டில் சாப்பாட்டுக்கு எவ்வளவு செலவானது என்று தேசிய மாதிரி ஆய்வில் கடந்த 30 நாள் கணக்கைக் கேட்பது அப்போது வழக்கமாக இருந்தது. 1994 முதல் 1998 வரை நடந்த 51 முதல் 54 வரையிலான சுற்றுகளில் ஒரு சோதனை செய்தார்கள். சில வீடுகளில் வழக்கம்போல் 30 நாள் கணக்கு, வேறு சில வீடுகளில் கடந்த 7 நாள் கணக்கு. 7 நாள் கேட்ட வீடுகளில் செலவு கணிசமாகக் கூடுதலாகப் பதிவானது. நேற்று வாங்கிய தக்காளி நினைவிருக்கும், மூன்று வாரத்துக்கு முன் வாங்கியது நினைவிருக்குமா? அந்தக் கூடுதல் செலவை வைத்துக் கணக்குப் போட்டால், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது! யாருக்கும் ஒரு வேளைச் சோறு கூடுதலாகக் கிடைக்கவில்லை. கேள்வியின் கால அளவு மாறியது, அவ்வளவுதான்.

கதை அதோடு முடியவில்லை. 1999-2000-ல் நடந்த 55-ஆவது சுற்றில், தனித்தனியாகச் சோதித்த இரண்டு கேள்விகளையும் ஒரே தாளில், ஒரே வீட்டில், பக்கத்தில் பக்கத்தில் கேட்டார்கள். ஒன்றுக்குச் சொன்ன பதில் மற்றொன்றை இழுத்துவிட்டது என்று பொருளாதார அறிஞர்கள் வாதிட்டார்கள். அந்த ஆண்டின் வறுமைக் கணக்கை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடலாமா கூடாதா என்று வருடக்கணக்கில் சர்ச்சை ஓடியது. நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. தனித்தனியே சோதித்த கேள்விகளைச் சேர்த்துக் கட்டினால் அது புதுத் தேர். அதற்குத் தனியாக வெள்ளோட்டம் வேண்டும்.

பதினைந்து வீடுகளில் நாங்கள் பார்த்தது

இனி நம் ஊர் அளவுக்கு வருவோம். எங்கள் குழுவுக்குக் கிடைத்த தலைப்பு, ஒரு கிராமத்தின் குடிநீர்த் தேவை. பல செட்டுகளாகக் கைமாறி வந்த ஒரு பழைய படிவம் எங்களிடம் வந்தது. அதை அப்படியே இருநூறு காப்பி எடுக்காமல், பக்கத்து ஊரில் பதினைந்து வீடுகளில் வெள்ளோட்டம் விட்டோம். என்னென்ன தெரிந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

‘தங்கள் இல்லத்தில் நாளொன்றுக்குச் செலவாகும் நீரின் அளவு எத்தனை லிட்டர்?’ இது முதல் கேள்வி. ஒருவர்கூட லிட்டரில் சொல்லவில்லை. “லிட்டரெல்லாம் யாருக்குத் தெரியும் தம்பி, காலையில ஆறு குடம், சாயங்காலம் நாலு குடம்” என்றார் ஒரு அக்கா. ஜனங்களின் அலகு குடம்! சரி, குடம் என்றே கேட்கலாம் என்றால், பிளாஸ்டிக் குடம் ஒரு அளவு, எவர்சில்வர் குடம் ஒரு அளவு, பழைய பித்தளைக் குடம் இன்னொரு அளவு. அதனால் ‘எத்தனை குடம்’ என்று கேட்டு, அந்த வீட்டுக் குடத்தின் கொள்ளளவை ஒரு லிட்டர் மக்கால் அளந்து எழுதுவது என்று மாற்றினோம். லிட்டராக மாற்றுவது நம் வேலை, அவர்கள் வேலை இல்லை.

இதே கேள்வியில் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. ஒரு வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், “அஞ்சு குடம் இருக்கும், எழுதிக்கோங்க” என்றார். உள்ளே இருந்து அவர் மனைவியின் குரல்: “அஞ்சு குடமா? மாட்டுக்கே அஞ்சு குடம் ஆகுது! தூக்கிப் பாத்தாத்தானே தெரியும்!” எங்களுக்குச் சிரிப்பு வந்தாலும் விஷயம் சீரியஸானது. படிவத்தில் ‘குடும்பத் தலைவரிடம் கேட்கவும்’ என்று போட்டிருந்தது. தண்ணீர் தூக்குவது யார்? பெரும்பாலும் பெண்கள். தூக்காதவரிடம் கேட்டால் பாதித் தண்ணீர் காகிதத்திலேயே காணாமல் போய்விடும். அந்தக் குறைந்த கணக்கை வைத்து ஒருவர் டேங்க் டிசைன் செய்தால்? அதனால் ‘தண்ணீர் எடுத்து வருபவரிடம் கேட்கவும்’ என்று திருத்தி, மாட்டுக்கு எவ்வளவு என்பதைத் தனிக் கேள்வியாக்கினோம்.

‘வீட்டில் மொத்தம் எத்தனை பேர்?’ இதைவிடச் சுலபமான கேள்வி உண்டா? ஆனால், திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு தீபாவளிக்கு வரும் மகனைச் சேர்ப்பதா? பின்கட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் பாட்டியைச் சேர்ப்பதா? ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொன்னார்கள். தேசிய மாதிரி ஆய்விலேயே இதற்கு விடை இருக்கிறது. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் சாப்பிடுபவர்களே ஒரு குடும்பம். நாங்கள் அதை, “ஒரே உலையில சாப்பிடறவங்க எத்தனை பேர்?” என்று மாற்றினோம். ஒருவரும் தடுமாறவில்லை.

‘குடிநீர் சுத்தமாகவும் போதுமான அளவிலும் வருகிறதா?’ ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்வி! சுத்தமாக வருகிறது, ஆனால் போதவில்லை என்பவர் ‘ஆம்’ போடுவாரா, ‘இல்லை’ போடுவாரா? இரட்டைக் குழல் துப்பாக்கி மாதிரியான இந்தக் கேள்வியை இரண்டாக உடைத்தோம்.

‘குடிநீர் வசதி பற்றித் தங்கள் கருத்து: மிக நன்று, நன்று, பரவாயில்லை, மோசம், மிக மோசம்.’ பதினைந்து வீட்டில் பாதிக்கு மேல் ‘பரவாயில்லை’. சரி, நடுத்தரம் என்று எழுதிவிடலாமா? ஒரு பாட்டியிடம், “பரவாயில்லைன்னா என்ன பாட்டி?” என்று கேட்டோம். “முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலை” என்றார். அவருக்கு அது நல்ல சான்றிதழ். அடுத்த தெருவில் கேட்டால், “என்ன பண்றது, இருக்கறத வச்சு ஓட்டறோம்” என்றார்கள். அங்கே அதே சொல் ஒரு பெருமூச்சு. நம் தமிழில் ‘பரவாயில்லை’ என்ற ஒரே சொல் பாராட்டாகவும் வரும், சலிப்பாகவும் வரும். அப்படிப்பட்ட சொல்லை அளவுகோலின் நடுவில் வைக்கலாமா? அதைத் தூக்கிவிட்டு, “போன ஏழு நாள்ல எத்தனை நாள் தண்ணி வரல?” என்று எண்ணிக்கையாகக் கேட்டோம். கருத்தைவிட நடந்ததைக் கேட்பது எப்போதும் பத்திரம்.

‘குடும்ப மாத வருமானம்’ படிவத்தில் மூன்றாவது கேள்வியாக இருந்தது. கேட்டவுடன் முகம் மாறியது. சிலர் மெதுவாக, “எதுக்கு தம்பி கேக்கறீங்க? கார்டை ரத்து பண்ணிடுவாங்களா?” என்றார்கள். அதோடு, கூலி வேலை செய்பவருக்கு மாத வருமானம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? இதைக் கடைசிக்குத் தள்ளி, “போன வாரம் எத்தனை நாள் வேலை இருந்தது, ஒரு நாள் கூலி எவ்வளவு?” என்று பிரித்தோம். சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடலாம் என்றும் எழுதினோம்.

கடைசியாக ஒன்று. எல்லாம் கேட்டு முடித்து எழுந்தபோது மூன்று நான்கு வீடுகளில் ஒரே கேள்வி எங்களிடம் வந்தது: “அப்ப எங்க தெருவுக்குக் குழாய் வந்துடுமா தம்பி?” எங்களைப் பஞ்சாயத்திலிருந்து வந்தவர்கள் என்று நினைத்துப் பேசியிருக்கிறார்கள்! குழாய் வேண்டும் என்பதற்காகக் கஷ்டத்தைக் கூட்டிச் சொன்னவர்களும் உண்டு. கார்டு போய்விடும் என்று குறைத்துச் சொன்னவர்களும் உண்டு. அதனால் படிவத்தின் தலையில் நான்கு வரி சேர்த்தோம். நாங்கள் பாலிடெக்னிக் மாணவர்கள்; இது படிப்புக்காக; இதனால் குழாய் வரும் என்று சொல்ல எங்களால் முடியாது; உங்கள் பெயரை எழுத மாட்டோம். இதைச் சொல்லிவிட்டுத்தான் கேள்வியை ஆரம்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். பொய் நம்பிக்கை கொடுத்து வாங்கும் பதில் நமக்கு வேண்டாம்.

எப்படிச் செய்வது?

உங்கள் குழுவுக்கு உதவட்டும் என்று படிகளாகத் தருகிறேன்.

1. முதலில் கேள்விகளை வாய்விட்டுப் படியுங்கள். குழுவில் ஒருவர் கேட்க, ஒருவர் பதில் சொல்லட்டும். அடுத்து வேறு பிரிவு நண்பனிடம் கேளுங்கள். சிவில் பையனுக்குப் புரிவது மெக்கானிக்கல் பையனுக்குப் புரியவில்லை என்றால் ஊர்க்காரருக்குப் புரியாது.

2. விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நம் ஆசிரியர், தண்ணீர் திறந்துவிடும் பணியாளர், கிராம செவிலியர் போன்றவர்கள். ‘முக்கியமானது எதையாவது விட்டுட்டோமா?’ என்று மட்டும் கேளுங்கள்.

3. ஆங்கிலப் படிவத்தைத் தமிழாக்கியிருந்தால், ஆங்கிலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழைக் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். அசலோடு ஒத்துப்போகாத இடம்தான் பழுது.

4. பத்து முதல் முப்பது பேர் வரை வெள்ளோட்டத்துக்குப் போதும். அவர்கள் நிஜ சர்வேயில் வருபவர்களைப் போன்றவர்களாக இருக்க வேண்டும், ஆனால் அவர்களாகவே இருக்கக் கூடாது. வேறு தெரு அல்லது பக்கத்து ஊர் நல்லது. ஹாஸ்டல் நண்பர்களிடம் கேட்டுவிட்டு வெள்ளோட்டம் முடிந்தது என்று சொல்லாதீர்கள்.

5. ஒருவர் கேட்கட்டும், இன்னொருவர் கவனிக்கட்டும். எந்தக் கேள்வியில் “என்னது?” என்றார், எங்கே யோசித்தார், எங்கே சிரித்து மழுப்பினார், மொத்தம் எத்தனை நிமிடம் ஆனது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

6. முடிந்ததும் இரண்டு மூன்று கேள்விகளை எடுத்து, “இந்தக் கேள்வி என்ன கேக்குதுன்னு நினைச்சீங்க?” என்று விசாரியுங்கள். ஒருவர் பதில் சொல்ல நான்கு படி ஏற வேண்டும்: கேள்வியைப் புரிந்துகொள்வது, நினைவுக்குக் கொண்டுவருவது, எதைச் சொல்வது என்று முடிவு செய்வது, நம் கட்டத்துக்குள் பொருத்திச் சொல்வது. எந்தப் படியில் கால் தடுக்கியது என்று கண்டுபிடித்தால் பழுது பார்ப்பது சுலபம்.

7. வந்த பதில்களை அட்டவணை போட்டுப் பாருங்கள். எல்லோரும் ஒரே பதில் சொன்ன கேள்வி எதையும் பிரித்துக் காட்டவில்லை. பாதிப் பேர் விட்டுவிட்ட கேள்வி புரியவில்லை அல்லது பிடிக்கவில்லை. ‘மற்றவை’யில் குவிந்தால் கட்டம் போதவில்லை. எந்த அட்டவணைக்கும் போய்ச் சேராத கேள்வியா? அடித்துவிடுங்கள். ஒருவர் நேரத்தை நாம் சும்மா வாங்கக் கூடாது.

8. திருத்தியபின் இன்னும் ஐந்தாறு பேரிடம் கேட்டுப் பாருங்கள். திருத்தமும் தப்பாகலாம். வெள்ளோட்டப் பதில்களை நிஜ சர்வேயோடு கலக்காதீர்கள். அது வேறு தாள், இது வேறு தாள்.

ஒரே குணத்தைப் பல கேள்விகளால் அளக்கும் அளவுகோல்களுக்கு, அந்தக் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப் போகின்றனவா என்று பார்க்கக் குரோன்பாக் 1951-ல் விளக்கிய ‘ஆல்ஃபா’ எண் உண்டு. 0.7-க்கு மேல் இருந்தால் ஏற்கலாம் என்பது நடைமுறை வழக்கம். ஆனால் பதினைந்து பேரின் பதிலில் வரும் ஆல்ஃபாவை ரொம்ப நம்ப வேண்டாம். எங்கள் படிவம் மாதிரி, குடத்தையும் நாளையும் எண்ணும் கேள்விகளுக்கு அது தேவையும் இல்லை.

இப்போது நிறைய பேர் கூகுள் ஃபார்மில் கேள்வி தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அதற்கும் இதே விதிதான். விலை குறைந்த ஒரு போனில் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா, ‘கட்டாயம்’ என்று போட்ட கேள்வியில் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் தவிக்கிறார்களா என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். நேரில் கேட்கும்போது முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். போனில் அந்த முகமும் நமக்கு இல்லை.

வெள்ளோட்டத்தால் முடியாதது

வெள்ளோட்டம் சர்வரோக நிவாரணி இல்லை. பதினைந்து வீட்டில் ஒன்பது வீடு என்பதை ‘60 சதவீதம்’ என்று ரிப்போர்ட்டில் எழுதக் கூடாது. அது முடிவு அல்ல, சோதனை. அதேபோல், கேள்வி எவ்வளவு நன்றாக இருந்தாலும் தப்பான ஆட்களிடம் கேட்டால் பிரயோஜனமில்லை. 1936-ல் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற அமெரிக்கப் பத்திரிகை சுமார் 1 கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வாங்கி, ஜனாதிபதித் தேர்தலில் லேண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ ஜெயித்தார்! கேள்வி சுலபம்தான். ஆனால் பட்டியல் பெரும்பாலும் டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களுடையது. பதில் அனுப்பியவர்களும் ஒரு பக்கம் சாய்ந்தவர்கள். ஆகவே, யாரிடம் கேட்கிறோம் என்பதைத் தனியாக யோசிக்க வேண்டும்.

“டைம் இல்லையே!”

இதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினைந்து வீடு கேட்க இரண்டு நாள். திருத்த ஒரு நாள். பதினைந்து காப்பிக்கு ஆகும் ஜெராக்ஸ் செலவு, நம் குழு இரண்டு முறை டீ குடிக்கும் செலவுக்கு மேல் போகாது. இதைச் செய்யாமல் இருநூறு காப்பியும் வீணானால் போவது எவ்வளவு? காசு போனால் போகட்டும். வைவாவில் வெளித்தேர்வாளர், “இந்த நம்பர் எங்கிருந்து வந்தது?” என்று கேட்கும்போது நிமிர்ந்து பதில் சொல்ல வேண்டாமா?

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது நண்பர்களே. நாளைக்கு நாம் பஞ்சாயத்து யூனியனிலோ, குடிநீர் வாரியத்திலோ, ஏதோ ஒரு கம்பெனியிலோ வேலை பார்ப்போம். நாம் எழுதும் எண்ணை நம்பி ஒருவர் டேங்க் கட்டுவார், ஒருவர் பைப் சைஸ் முடிவு செய்வார். அறையில் உட்கார்ந்து நிரப்பிய எண்ணில் கட்டிய டேங்கிலிருந்து கடைசித் தெருவுக்குத் தண்ணீர் போகாது. அங்கே குடத்தோடு நிற்கப் போவது நாம் இல்லை.

நம்மை யாரென்றே தெரியாத ஒரு அக்கா, அடுப்பை அணைத்துவிட்டு வந்து, குடத்தைக் கீழே வைத்துவிட்டு, பதினைந்து நிமிடம் நமக்குப் பதில் சொல்கிறார். அவருக்கு நாம் காசு கொடுப்பதில்லை, குழாயும் கொடுக்கப் போவதில்லை. புரியும்படியான, வீண்போகாத கேள்விகளையாவது கொண்டுபோவோம்.

இருநூறு காப்பி எடுப்பதற்கு முன், பதினைந்து காப்பி எடுங்கள்! உங்கள் புராஜெக்ட் சிறக்க என் வாழ்த்துக்கள்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு